பிள்ளை பெற்ற பின் வரும் வலிப்பு

(சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் சிலம்பைப் பற்றியும் குறளைப் பற்றியும் பேசுவதற்கு நம் சங்கத்தில் அறிஞர் பலர் உளர். மகப்பேற்று மனையிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு அத்தகுதி இல்லை. "தாய்மார்களுக்குப் பயன்படுமாறு ஏதேனும் சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் எடுத்துக்கொண்ட பொருள் விழா நாளுக்குரிய மங்கலப் பொருள் அன்று. ஆயினும் ஜோகுபாளையத்தில் மகள் பிள்ளைப் பேற்றுக்கு வந்து தங்காத வீடு ஒன்றும் இராது. ஆகவே எந்த வீட்டுக்கும் இது அயலான பொருளும் அன்று.

வடஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் வந்து அல்சூரைச் சுற்றிக் குடியமர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றை நாம் விட்டுவராத வழக்கங்களுள் ஒன்று, தலைப்பேற்றுக்கு மகளைத் தாய்வீட்டிற்கு அழைத்து வருவது. நல்ல வழக்கம். பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்று நாம் சொல்கிறோம். நம் கன்னட அண்டை வீட்டார் பாணந்தி என்கிறார்கள். இரு வீட்டாரும் ஒரே மாதிரிதான் காக்கிறார்கள். வெந்நீர், சாம்பிராணிப் புகை, காதடைத்த துணி, பத்தியச் சோறு, மூடிய சன்னல். இவற்றுள் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. தீமையைச் சொல்ல வேண்டிய இடம் பின்னால் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் அறிந்த ஒரு வீட்டில் நடந்ததைக் கூறுகிறேன். பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு. சுகப் பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒன்பதாம் நாள் தலை வலித்தது. தலையில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். சுக்குப் பற்றுப் போட்டார்கள். வலி நிற்கவில்லை, நாளுக்கு நாள் ஏறிற்று. பன்னிரண்டாம் நாள் மாலை வலக்கை தானாகவே வெடுக் வெடுக்கென்று ஒரு நிமிடம் துடித்து ஓய்ந்தது. பெண்ணுக்கு நினைவு தப்பவில்லை. தன் கை ஆடுவதைத் தானே வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். இரத்தக் குறைவால் வந்த நடுக்கம் என்று ஒருவர் கூறினார், திருநீறு இட்டார்கள். மறுநாள் விடியலில் உடம்பு முழுவதும் வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் ஒருவர், தம் குடும்பத்தில் இப்படி ஒன்றைக் கண்டவர், யாரையும் கேளாமல் ஆட்டோவை அழைத்து, பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார். மூளையிலிருந்து இரத்தம் திரும்பும் நாளம் ஒன்றில் இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. பெண் பிழைத்தாள். ஒரு மாத காலம் கையில் வலு இல்லை; பிறகு அதுவும் வந்தது. குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறது.

ஒன்பதாம் நாளுக்கும் பதின்மூன்றாம் நாளுக்கும் இடையே இருந்த அந்த நான்கு நாட்களைப் பற்றியே நான் இன்று பேச வந்தேன். அந்த வீட்டார் அறிவில்லாதவர் அல்லர், அன்பில்லாதவரும் அல்லர். தலைவலி என்பது பேசும் மொழி அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவே.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். பிள்ளைப் பேற்றை ஒட்டி வரும் இழுப்புக்கு நம் முன்னோர் ஜன்னி என்ற ஒரே பெயரை வைத்தனர். காய்ச்சலால் பிதற்றினாலும் ஜன்னி, வெட்டி இழுத்தாலும் ஜன்னி. மற்றக் காலத்தில் வரும் இழுப்பைக் காக்காய் வலிப்பு என்பர். கால்கை வலிப்பு என்பதே பேச்சில் திரிந்து காக்காய் வலிப்பு ஆயிற்று என்று கூறுவர். பாவம், காக்கைக்கும் இந்நோய்க்கும் ஓர் உறவும் இல்லை. ஒரே பெயரால் வழங்கியதால் ஒரே நோய் என்று எண்ணிவிட்டோம். பிள்ளை பெற்றவளுக்கு வரும் வலிப்பு பல காரணங்களால் வரும். காரணத்திற்கு ஏற்ப மருத்துவமும் வேறு.

அவற்றுள் முதலாவது, இரத்த அழுத்தம் ஏறுவதால் வருவது. ஆங்கில மருத்துவர் எக்லாம்ப்சியா என்பர். மின்னல்போல் திடீரென்று ஒளிர்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கருவுற்ற காலத்தில் கொதிப்பு இருந்தவளுக்குத்தான் இது வரும் என்றும், குழந்தை பிறந்தவுடன் ஆபத்து நீங்கிற்று என்றும் பலர் நினைக்கின்றனர். இரண்டும் முழு உண்மை அல்ல. கருவுற்ற காலம் முழுவதும் அழுத்தம் சரியாக இருந்தவளுக்கும் பேற்றுக்குப் பின் அது ஏறுவதுண்டு. மேலும், பேற்றுக்குப் பின் அழுத்தம் பொதுவாக உச்சத்தைத் தொடுவது மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள். சுகப் பிரசவமானால் இரண்டு மூன்று நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே அழுத்தம் உச்சத்தை எட்டும் வேளையில் நர்ஸ் அருகில் இல்லை, பாட்டிதான் இருக்கிறார். பாட்டியிடம் அழுத்தம் பார்க்கும் கருவி இல்லை. இவ்வகை வலிப்பு பெரும்பாலும் பேற்றுக்குப் பின் 48 மணி நேரத்துக்குள் வரும்; ஆனால் ஆறு வாரம் வரையிலும் வரக்கூடும்.

இது வருமுன் உடம்பு சொல்லி அனுப்பும். மாத்திரைக்குக் கேளாத தலைவலி, கண்முன் பொறி பறத்தல், பார்வை மங்குதல், நெஞ்சுக்குழியிலோ வலப்பக்க விலாவின் கீழோ நோவு, வாந்தி, மூச்சு முட்டுதல், முகமும் கையும் திடீரென்று ஊதுதல். நெஞ்சுக்குழி நோவை வாயு என்று ஓம நீர் கொடுத்துத் தாமதித்த வீடுகளை நான் மிகப் பல கண்டிருக்கிறேன். அழுத்தம் 140க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ காட்டினால் அன்றே மருத்துவரைக் காணவேண்டும். 160க்கு 110ஐ எட்டினால் ஒரு மணி நேரமும் காத்திருத்தல் ஆகாது.

இதற்கு நல்ல மருந்து உண்டு. விலை மிக்கதும் அன்று. மக்னீசியம் சல்பேட்டு, அதாவது பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பே, தூய்மை செய்யப்பட்டு ஊசி வழியாக ஏற்றப்படுகிறது. 1995இல் இந்தியா உட்படப் பல நாடுகளில் ஏறத்தாழ 1,700 பெண்களிடம் நடந்த ஆராய்ச்சியில், பிற வலிப்பு மருந்துகளைவிட இதுவே மீண்டும் வலிப்பு வராமல் நன்கு தடுத்தது என்று தெளிவாயிற்று. 2002இல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், அழுத்தம் ஏறியவர்களுக்கு வலிப்பு வருமுன்னரே இதைக் கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைகிறது என்று கண்டனர். மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பெண் உரிய நேரத்தில் அங்கே போய்ச் சேரவேண்டும் என்பதே குறை.

இரண்டாவது வகை, நான் சொன்ன பெண்ணுக்கு வந்தது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இது நம் தென்னாட்டில் மிகுதியாகக் காணப்பட்ட நோய். நம் நாட்டு மருத்துவர்களே உலகுக்கு நன்கு எடுத்துக் காட்டிய நோய். மதுரையில் டாக்டர் கே. சீனிவாசன் அவர்கள் கருவுற்ற காலத்திலும் பேற்றுக்குப் பின்னும் மூளை நாளங்கள் அடைபட்ட 135 பேரின் வரலாற்றை ஆராய்ந்து 1983இல் வெளியிட்டார். நம் நகரத்து ஓசூர்ச் சாலையில் 1974 முதல் நிம்ஹான்ஸ் என்ற பெயரோடு இயங்கிவரும் நிலையத்தில் டாக்டர் டி. நாகராஜாவும் அவருடன் பணியாற்றியவர்களும் பல ஆண்டுகள் இதனையே ஆராய்ந்தனர். உலகமெங்கும் இந்நோய்க்கு மருத்துவம் தேடுவோர் பெங்களூர்க் கட்டுரைகளைப் படிக்கின்றனர் என்பது நமக்குப் பெருமையே. இத்தனை பெண்கள் இங்கே நோயுற்றதால் வந்த பெருமை என்பதை மறக்க இயலாது.

நோயின் இயல்பு இது. பேற்றின்போது இரத்தம் பெருகித் தாய் மாண்டு போகாதபடி, கருவுற்ற காலத்திலேயே இரத்தத்தின் உறையும் தன்மை மிகுகிறது. இயற்கை செய்த ஏற்பாடு. அந்தத் தன்மை குழந்தை பிறந்த மறுநாளே மாறிவிடாது. சில வாரங்கள் நீடிக்கும். அந்த வாரங்களில் உடம்பில் நீர் குறைந்தாலும், இரத்தச் சோகை இருந்தாலும், சூதகக் காய்ச்சல் கண்டாலும் மூளையின் நாளங்களில் இரத்தம் உறைய இடம் ஏற்படுகிறது. ஃபோலிக் அமிலமும் பி12 என்னும் உயிர்ச்சத்தும் குறைந்தவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் இரத்தத்தில் மிகுந்து இதற்குத் துணை போவதையும் நிம்ஹான்ஸ் ஆராய்ச்சிகள் காட்டின.

இங்கேதான் பாட்டிமார்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. பிள்ளை பெற்றவள் நீர் மிகுதியாகக் குடித்தால் வயிறு சரியும், சீதளம் பிடிக்கும் என்று ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தம்ளர் நீரோடு நிறுத்துகிறோம். ஒருபுறம் பாலாகவும், புகையும் வெந்நீரும் வருவிக்கும் வியர்வையாகவும் நீர் வெளியேறுகிறது. மறுபுறம் உள்ளே போகும் நீரை மறிக்கிறோம். கிணற்றில் இறைப்பதை நிறுத்தாமல் ஊற்றை மட்டும் அடைப்பதை ஒக்கும் இது. வயிறு சரிவதற்கும் குடிநீருக்கும் தொடர்பே இல்லை. கொதித்தாறிய நீரே கொடுங்கள். மிளகு ரசமாகவே கொடுங்கள். பெயர் எதுவாயினும் தாகம் தீரும் வரை கொடுங்கள். லேகியத்தையும் பத்தியத்தையும் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்த் தம்ளரை மட்டும் தட்டிப் பறிக்காதீர்கள். படுக்கையை விட்டு எழாமல் கிடத்தி வைப்பதும் இரத்தம் உறைய இடம் தருவதே, வீட்டுக்குள்ளேயாவது நடக்கட்டும்.

இந்நோயில் வலிப்பு வருவதற்குச் சில நாட்கள் முன்னரே தலைவலி தொடங்கும். பெரும்பாலும் பேற்றுக்குப் பின் முதல் மூன்று வாரங்களுக்குள். நாளுக்கு நாள் ஏறும். இருமினாலும் குனிந்தாலும் மிகும். பிறகு ஒரு கை, ஒரு கால், முகத்தின் ஒரு பாதி என்று ஒரு பக்கம் துடிக்கலாம். அப்போது நினைவு இருக்கவும் கூடும். அல்லது பேச்சுக் குழறலாம். பெற்ற குழந்தையையே அடையாளம் தெரியாதது போல் மயங்கி நோக்கலாம். முதுகில் ஊசி போட்டு அறுவை செய்துகொண்டவர்களுக்கு வேறொரு தலைவலியும் உண்டு. அது எழுந்து உட்கார்ந்தால் வரும், படுத்தால் போகும். அவ்வாறு வந்து போய்க்கொண்டிருந்த வலி, பிறகு படுத்தாலும் போகாமல் நிலைத்துவிட்டால் அதை ஊசி வலி என்று தள்ளிவிடக் கூடாது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்து நாளம் அடைபட்டிருப்பது தெரிந்தால் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசி கொடுப்பர். குறைந்த அளவு ஹெபாரினால் பேற்றுக்குப் பிந்திய நோயாளிகள் நன்மை பெற்றதை நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 1999இல் எழுதினர். ஒரு செய்தியை வீட்டார் அறிந்திருத்தல் நலம். மூளையில் சிறிது இரத்தம் கசிந்திருந்தாலும் இம்மருந்தைக் கொடுப்பதுண்டு. "இரத்தம் கசிகிறது என்கிறீர்கள், இரத்தத்தை இளக்கும் மருந்தும் கொடுக்கிறீர்களே" என்று கணவன் வீட்டார் கையெழுத்திட மறுத்து நின்ற காட்சி அரிதன்று. அடைப்பினால் பின்தங்கிய அழுத்தமே கசிவுக்குக் காரணம். அடைப்பு வளராமல் தடுத்தால் கசிவும் அடங்கும். உலகின் 21 நாடுகளில் இந்நோயுற்ற 624 பேரைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ ஐந்தில் நால்வர் குறையின்றியோ மிகச் சிறு குறையோடோ தேறினர். நூற்றுக்கு எட்டுப் பேர் இறந்தனர். இந்நோய் வந்து தேறியவள், ஈஸ்ட்ரோஜன் கலந்த குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். கோயில் விழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையையும் மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கி விழுங்கலாகாது.

மூன்றாவது, முன்னரே வலிப்பு உள்ள பெண் தாயாவது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1998 முதல் இத்தகைய தாய்மார்களுக்கென்றே ஒரு பதிவேடு நடைபெறுகிறது. பெரும்பாலோர் நலமான குழந்தைகளையே பெறுகின்றனர். பேற்றுக்குப் பின் இவர்களுக்குப் பெரும் பகை உறக்கமின்மை. இரவில் ஒரு வேளைப் பாலையாவது கறந்து வைத்து, குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொண்டு தாயைத் தொடர்ந்து உறங்க விடவேண்டும். மாத்திரையைத் தாமே நிறுத்தக் கூடாது. கருவுற்ற காலத்தில் லமோட்ரிஜின் போன்ற மருந்தின் அளவைக் கூட்டியிருந்தால், பேற்றுக்குப் பின் மருத்துவர் அதைக் குறைப்பார். குறைக்காவிட்டால் தலைசுற்றலும் இரட்டைப் பார்வையும் வரும். கட்டிலில் அமராமல் தரையில் பாய் விரித்து, சுவரில் சாய்ந்து பால் கொடுக்கட்டும். குழந்தையைத் தனியே குளிப்பாட்ட வேண்டாம்.

இவ்விடத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு விந்தையையும் சொல்லிவிடுகிறேன். தலையில் செம்பு செம்பாகச் சுடுநீர் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் சிலருக்கு வலிப்பு வரும். பெங்களூரில் டாக்டர் கே. எஸ். மணி அவர்களும் உடன் பணியாற்றியோரும் 1968இல் இதைப் பற்றி எழுதினர். 1988இல் நிம்ஹான்ஸ் மருத்துவர் சதீஷ்சந்திராவும் பிறரும் 279 பேரைப் பற்றி எழுதினர். ஆண்களிடமே இது மிகுதி. எனினும் சிறுமியாக இருந்தபோது குளியலறையில் ஒரு நாள் மயங்கி விழுந்ததாகச் சொல்லும் பெண்ணுக்கு, பிள்ளை பெற்ற பின் அண்டா நிறையக் கொதிநீர் காய்ச்சித் தலையில் ஊற்றுவது தகாது. வெதுவெதுப்பான நீரும், வேண்டுமானால் மருத்துவர் தரும் மாத்திரையும் போதும்.

உடம்பில் சர்க்கரை, சுண்ணாம்புச் சத்து, உப்பு ஆகியவை குறைவதாலும், மூளைக் காய்ச்சலாலும் வலிப்பு வரலாம். அவற்றை இரத்தப் பரிசோதனை காட்டும். மன அழுத்தத்தால் உடம்பு வலிப்புப் போலவே ஆடுவதும் உண்டு. அது நடிப்பு அன்று. அதுவும் ஒரு நோயே. ஆனால் அம்முடிவுக்கு வரவேண்டியவர் மருத்துவர். அதுவும் மற்றவற்றை எல்லாம் பார்த்துத் தள்ளிய பிறகு. மாமியாரோ பூசாரியோ அல்லர்.

வலிப்பு வந்த நேரத்தில் என் செய்வது? கையில் இரும்புச் சாவி கொடுப்பதும், பல்லிடையே கரண்டி செருகுவதும், வாயில் தண்ணீரோ வெங்காயச் சாறோ ஊற்றுவதும் கூடா. குழந்தை மடியில் இருந்தால் முதலில் குழந்தையை எடுங்கள். பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் நுரையும் எச்சிலும் வெளியே வழியட்டும். அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். வீட்டில் இளைஞர் எவரேனும் இருந்தால் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். அது அநாகரிகம் என்று கூச வேண்டாம். எந்தப் பக்கம் முதலில் துடித்தது என்பதைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வதைவிட அப்படம் மருத்துவருக்குப் பெரிதும் உதவும். நெடுநாள் வலிப்பு உள்ளவருக்கு ஐந்து நிமிடத்தில் நின்றுவிட்டால் வீட்டிலேயே தெளியவிடலாம் என்பது பொது விதி. பிள்ளை பெற்ற ஆறு வாரத்துக்குள் அந்த விதி செல்லாது. அரை நிமிடமே வந்து நின்றாலும், ஒரு விரல் மட்டுமே துடித்தாலும், 108ஐ அழையுங்கள். அங்கே சென்றவுடன் முதல் சொல்லாக "பிள்ளை பெற்று இத்தனை நாள் ஆயிற்று" என்று சொல்லுங்கள். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுத் தாயை மட்டும் கொண்டு செல்லும்போது இச்செய்தி சொல்லப்படாமலே போய்விடுகிறது.

வலிப்பு வருமுன்னரே காப்பதற்கும் வழி உண்டு. பிறந்த குழந்தையைப் பார்க்க ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாட்களில் வீட்டுக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு. அவர் வரும்போது குழந்தையின் எடையோடு தாயின் தலைவலியையும் சொல்லுங்கள். வீடு திரும்பிய முதல் வாரத்தில் ஒரு முறையேனும் அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் பார்க்கச் செய்யுங்கள். கருவுற்ற காலத்தில் கொதிப்பு இருந்தவளுக்கு மூன்றாம் நாளிலும், பத்து நாளுக்குள் மறுபடியும் பார்த்தல் வேண்டும். வாசல் தாண்டக் கூடாது என்ற தீட்டுக் கணக்கு இதற்குத் தடையாக வேண்டாம்.

இனி, பேசத் தயங்கும் ஒன்றைப் பேசவேண்டும். மகளுக்கு வலிப்பு வந்த செய்தி சம்பந்தி வீட்டார் காதுக்கு எட்டிவிடுமோ என்ற அச்சத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறைத்தவர்கள் உண்டு. அச்சம் காரணமற்றதும் அன்று. இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தம் வலிப்பு நோயைப் பைத்தியத்தோடு ஒரே வரியில் வைத்து, திருமணத்திற்குத் தடையாக்கியிருந்தது. 1999இல் அந்தச் சொல் நீக்கப்பட்டது. இன்று வலிப்பு நோய் இருப்பதை மட்டும் காட்டி இச்சட்டப்படி எவரும் மனைவியைத் தள்ளிவிட முடியாது. அதுவுமன்றி, அழுத்தத்தாலோ நாள அடைப்பாலோ பேற்றை ஒட்டி வந்த வலிப்பு, காரணம் நீங்கினால் பெரும்பாலோர்க்கு நீங்கிவிடுகிறது. சில காலம் மாத்திரை உண்ணவேண்டி வரலாம். எவ்வளவு காலம் என்பதை மருத்துவர் கூறுவார். மாப்பிள்ளை வீட்டாருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்கே வரச் செய்து, மருத்துவர் வாயாலேயே கேட்க வையுங்கள். பின்னால் பிறர் சொல்லிக் கேட்கும் செய்திக்குக் கைகால் முளைத்துவிடும்.

கூட்டம் தொடங்குமுன் ஓர் இளந்தாய் என்னிடம் கேட்டார்: இம்மருந்துகளை உண்ணும்போது பால் கொடுக்கலாமா என்று. கொடுக்கலாம். மக்னீசியம் ஊசியும், ஹெபாரினும், வலிப்பு மாத்திரைகளுள் பெரும்பாலானவையும் தாய்ப்பாலுக்குத் தடை அல்ல. தாய் மயக்கத்தில் இருக்கும் நாட்களில் மட்டும் பாலைக் கறந்து நர்ஸ் உதவியோடு புகட்டலாம். ஃபீனோபார்பிட்டோன் போன்ற உறக்கம் தரும் மாத்திரையைத் தாய் உண்பதாயின், குழந்தை அளவுக்கு மீறி உறங்குகிறதா, பால் குடிக்கச் சோம்புகிறதா என்று கவனித்து, அவ்வாறு இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டவேண்டும். மற்றக் கேள்விகள் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைக் காணலாம். நான் இங்கேயே இருப்பேன்.